இது யாருடைய துண்டு?

கள்ளிக்குப்பம்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மச்சான் பாண்டியனுக்கு ஹேமநாதன் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்காவும் நலம். உன் அக்கா மகள் சுரேகாவின் நலம் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் அவள் காதில் விழும், ஆகவே தபால்.

கம்பெனி வேலை போக, ஊர் உலகத்தில் யார் யாரோ சேர்ந்து சம்பளமில்லாமல் கட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கும் ஒரு டேட்டாபேஸுக்கும் இவள் உழைக்கிறாள். திருவிழாப் பந்தல் மாதிரி என்று வைத்துக்கொள். கரண்ட் போய் வந்தால் அது மறுபடி கிளம்ப மாட்டேன் என்கிறதாம். மூன்று வாரமாக இவளும் சரியாகச் சாப்பிட மாட்டேன் என்கிறாள். முப்பது வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஓட்டியவன், கிளம்பாத மெஷினைப் பார்க்காதவனா நான்? "பெல்ட்டப் பாத்தியாம்மா?" என்று கேட்டேன். "உனக்குப் புரியாது நைனா" என்றாள். மூன்று வாரமாக என்னோடு அவள் பேசுவது இந்த ஒரு வாக்கியம்தான். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

நேற்று உன் அக்கா பிடித்து உட்காரவைத்து இட்லி கொடுத்தபோதுதான் வாயைத் திறந்தாள். "ஓடும்போது அது ஒரு குறிப்பு எழுதி வெச்சிக்கும் நைனா, 'நான் ஓடிகினு கீறேன், என் நம்பர் நாப்பது'ன்னு. கரண்ட் போனா ஆள் பூடுது, குறிப்பு அப்டியே கீது. திரும்பக் கெளம்பும்போது 'நாப்பதாம் நம்பர் கீதா'ன்னு கேக்குது. அந்த நம்பர் இப்போ கம்ப்யூட்டர்ல ஓடற வேற எவனுக்கோ போயிருக்கும். அவன் 'கீறேன்'றான். ஓ, ஏற்கெனவே ஓடுதுன்னு இது சும்மா இருந்துடுது." குறிப்பைக் கிழித்துப் போடும்படி செய்து அனுப்பினாளாம். நிஜமாகவே ஆள் இருந்துவிட்டால் இரண்டு பேர் ஒரே இடத்தில் எழுதிக் கெடுத்துவிடுவார்கள் என்று அந்தப் பந்தல்காரர்கள் திருப்பிவிட்டார்களாம்.

எனக்குத் தலை சுற்றியது. அந்தக் கடுப்பில், "இன்னாம்மா பெரிய விஷயம்? அம்பத்தூர்ல ரயில் ஏறினா சீட்ல துண்டு கெடக்கும். போட்டவன் கொரட்டூர்லயே எறங்கியிருப்பான். 'யாராவது கீறீங்களா'ன்னு கேட்டா பொட்டியே கீறோம்னும். 'இது யாரு துண்டு'ன்னு கேக்கணும். எவனும் வர்லன்னா எட்த்து ஜன்னல்ல மாட்டிட்டு உக்கார வேண்டியதுதான்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவுதான். வாயில் வைத்த இட்லியோடு எழுந்தாள். என்னையே முறைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று காலை வரை திறக்கவில்லை. "தேவையா ஒங்களுக்கு இது?" என்று உன் அக்கா என்னைத்தான் பிடிக்கிறாள். படித்த பெண்ணின் மூன்று வார உழைப்பைப் போய்த் துண்டு என்றுவிட்டேன், தப்புதான். எங்களுக்கு இருப்பது இந்த ஒரு பிள்ளை. நீ சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்து சமாதானம் செய்து, அந்த லேப்டாப்பை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போ.

உன் வீட்டில் சின்னது பெரியது எல்லோரும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,
ஹேமநாதன்.

பி.கு.: கவரை ஒட்டும்போது கதவு திறந்தது. "கெளம்பிடிச்சு நைனா" என்றாள். இனி நம்பரோடு, அந்த ஆள் ஏறிய நேரத்தையும் சரிபார்க்குமாம்; குறிப்பில் உள்ள நேரத்தோடு ஒத்துப்போகாவிட்டால், குறிப்பு அவனுடையது இல்லை என்று கிழித்துவிட்டுக் கிளம்பிவிடுமாம். அவர்களும் ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். அனுப்பியதன் அடியில் 'யோசனை: ஹேமநாதன், கள்ளிக்குப்பம்' என்று போட்டிருக்கிறாள். கண்ணாடி போட்டு மூன்று தடவை படித்தேன். அழுகை வந்துவிட்டது. நான் சொன்ன யோசனை எது என்றுதான் இன்னும் புரியவில்லை. எழுதியதை வீணாக்குவானேன் என்று கடிதத்தை அனுப்புகிறேன். நீ ஞாயிறு வர வேண்டாம். இப்போது வேறொன்று, கிளம்பினால் நிற்கவே மாட்டேன் என்கிறதாம். நாங்கள் இரண்டு பேரும் வேலையாக இருப்போம்.