ஐந்தாம் நம்பர் மெஷினுக்கு வைத்த பொட்டு

கெட்ட பழக்கத்தை அடக்கி வை என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். திறமையையும் கொஞ்சம் அடக்கி வை என்று எனக்கு ஒருவராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அதனால்தான் ஓர் ஆயுத பூஜை நாளில், பல்லாயிரம் கோழிக்குஞ்சுகளை முட்டைக்குள்ளேயே வேகவைக்கப் பார்த்தேன்.

என் திறமை பொட்டு வைப்பது. ஆயுத பூஜை வந்தால் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவே சந்தனமாக மணக்கும். பக்கத்து வீடுகளில் தறிக்கும் அதில் ஓடுகிற நாடாவுக்கும் பொட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டில் தறி கிடையாது, அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். அதனால் ஆட்டோ, மிக்சி, இஸ்திரிப் பெட்டி, டிவி ரிமோட் என்று கைக்குக் கிடைத்ததற்கெல்லாம் வைத்தேன். "எங்க புவனா வெச்சா அச்சுல வார்த்த மாதிரி வட்டமா இருக்கும்" என்று அம்மா தெருவெல்லாம் பெருமையடிப்பாள். (ஒரு வருஷம் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்கும் வைத்துவிட்டேன். சாமி குத்தம் ஆகிவிடும் என்று அதைத் துடைக்காமல் மனிதர் பாதி நாள் ஒற்றைக் கண்ணால் வண்டி ஓட்டினார்.)

படிப்பு முடிந்ததும் எனக்கு ஒரு ஹேச்சரியில் வேலை கிடைத்தது. அதாவது, கோழி அடைகாக்கிற வேலையை மெஷின் செய்கிற இடம். திருமுக்கூடல் போகிற வழியில் இருந்தது. அம்மாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"பட்டுக்கடையில ஏசியில நின்னுக்கினு பொடவைய பிரிச்சுக் காட்டலாம். இவ இன்னான்னா முட்டைய பாத்துக்கினு ஒக்காரப் போறாளாம்!"

இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து சம்மதம் வாங்கினேன். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டாள். வேலையில் ஏதாவது ஏடாகூடம் ஆனால், மறுநாளே நான் பட்டுக்கடையில் போய் நிற்க வேண்டும். எனக்குப் புடவையை மடிக்கவே வராது. ஆகவே எப்பாடுபட்டாவது இந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற வெறியோடு போய்ச் சேர்ந்தேன்.

ஹேச்சரியில் மடி ஆசாரம் அதிகம். கோயிலுக்குக்கூட முகம் கழுவிக்கொண்டு போய்விடலாம். இங்கே தலைக்குக் குளித்து, அவர்கள் கொடுக்கும் உடுப்பைப் போட்டுக்கொண்டால்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே செட்டர் என்று அறை அளவுக்குப் பெரிய பெட்டிகள் வரிசையாக நிற்கும். முட்டைகள் அதில் பதினெட்டு நாள் இருக்கும். அப்புறம் ஹேச்சர் என்ற வேறு பெட்டிக்கு மாறி, இருபத்தோராம் நாள் குஞ்சாக வெளியே வரும். சூடு தொண்ணூற்றொன்பதரை டிகிரி ஃபாரன்ஹீட். கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் ஆபத்து.

நான் சேர்ந்த பதினோராம் நாள் ஆயுத பூஜை வந்தது. மேனேஜர் ஸ்டெல்லா மேடம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் பூஜைப் பொரியில் கடலை குறைந்தால் முதலில் சண்டைக்கு வருவதும் அவர்தான். "யாருக்குமா நல்லா பொட்டு வைக்க வரும்?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போயிருந்தது. சந்தனப் பொடியும் பன்னீரும் குங்குமமும் என் கைக்கு வந்தன.

"வெளிக் கதவுல மட்டும் வைமா. உள்ள எதையும் தொடக் கூடாது" என்றார்.

நான்கு கதவுகளுக்கு லட்சணமாக வைத்து முடித்தேன். ஐந்தாம் நம்பர் செட்டர் திறந்திருந்தது. மெஷின் ஆபரேட்டர் காசி அண்ணன் ஒரு தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தவர், பூசணிக்காய் எங்கே என்று யாரோ கூப்பிட, அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். மறுநாள் பதினெட்டு நாள் முடியப்போகிற முட்டைகள். எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே இருந்து உழைக்கிறவனை விட்டுவிட்டு, கதவுக்கு மட்டும் பொட்டு வைப்பது என்ன நியாயம்?

மேலே இரண்டு மெல்லிய கம்பிகள் தொங்கின. ஒன்று, உள்ளே எவ்வளவு சூடு என்று மெஷினுக்குச் சொல்லும் சென்சார். இன்னொன்று, சூடு கூடினாலோ குறைந்தாலோ அலாரம் அடிக்க வைக்கும் சென்சார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு என் கண்ணுக்கு அவை பொட்டில்லாத இரண்டு அநாதைகள். கம்பி மெலிசாக இருந்ததால் வட்டப் பொட்டு நிற்கவில்லை. விடுவேனா? ஈரச் சந்தனத்தைச் சுற்றிலும் மொத்தமாக மெழுகினேன். பாரபட்சம் பார்க்காமல் இரண்டுக்கும்தான். கதவின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தெர்மாமீட்டர் மாட்டியிருந்தார்கள். அதன் பலகை அகலமாக இருந்ததால், அதில் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த பொட்டு அமைந்தது. (மேடம் தொடக் கூடாது என்றுதானே சொன்னார், நான் பொட்டுதானே வைத்தேன் என்று அப்போது உண்மையாகவே நினைத்தேன்.)

காசி அண்ணன் ஓடிவந்து, உள்ளே பார்க்காமலே கதவை மூடினார். உடனே சூடு குறைவு என்று அலாரம் கத்தியது. அதை அடக்கினார்.

"கதவ தொறந்தா கொஞ்ச நேரம் கத்தத்தான் செய்யும். நீ இங்கயே நின்னு நம்பர பாத்துக்கினு இரு. தொண்ணூத்தொம்பதரை வந்ததும் சொல்லு."

எல்லோரும் முன்பக்கம் பூஜைக்குப் போய்விட்டார்கள். நான் காவல் நின்றேன். நம்பர் தொண்ணூற்றைந்தைத் தாண்டவே இல்லை. ஹீட்டர் விளக்கு அணையாமல் எரிந்தது. அரை மணி நேரம் கழித்து வாசல் வரை போய், "இன்னும் குளுராத்தான் இருக்குதுண்ணே" என்று குரல் கொடுத்துவிட்டு வந்தேன். பாவம் குஞ்சுகள், குளிரில் நடுங்குமே என்று கவலைப்பட்டேன். எனக்கும் அந்த ஏசி நடையில் நின்று நின்று குளிர, மெஷின் கதவில் சாய்ந்துகொண்டேன். வெதுவெதுப்பாக, முதுகுக்கு இதமாக இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காசி அண்ணன் வாயில் சுண்டலோடு வந்து கதவில் கை வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஒரு முட்டையை எடுத்து மூடிய கண் இமைமேல் வைத்துப் பார்த்தார். சூடு பார்க்க அவருக்கு அதுதான் வழி.

"ஐயய்யோ, கொதிக்குதுமா!"

தெர்மாமீட்டரைப் பார்த்தார். பாதரசக் கோட்டையும் நம்பரையும் மறைத்துக்கொண்டு குங்குமத்தோடு வட்டமாக இருந்தது என் பொட்டு.

"இது யாரு வெச்சது?"

அந்தப் பொட்டைப் பார்த்து நான் பெருமைப்படாத ஒரே சமயம் அதுதான்.

ஹீட்டரை அணைத்தார்கள். கதவை விரியத் திறந்து ஃபேனை இழுத்து வைத்தார்கள். ஸ்டெல்லா மேடம் என் முன்னால் நின்றார்.

"ஈரத்துணி சுத்தின பானையில தண்ணி ஜில்லுனு ஆகுதில்ல? அதே கததான். ஈரச் சந்தனத்த பூசிட்டே. சென்சார் ரெண்டும் தனக்குக் குளுருதுன்னு சொல்லிக்கினு இருக்குது, மெஷினும் அத நம்பி சூட்ட ஏத்திக்கினே இருக்குது."

"செத்துப் போயிருக்குமா மேடம்?"

"நாளைக்கு டார்ச் அடிச்சுப் பாப்போம். அப்புறம் மூணு நாள்ல குஞ்சுங்களே சொல்லும். அது வரைக்கும் மொதலாளிகிட்ட நான் பேச மாட்டேன்."

"அலாரத்த அடக்கினது நான்தான் மேடம்" என்றார் காசி அண்ணன். அவர் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அங்கயும் நீதான் பொட்டு வெச்சியா?"

"ஆமாம்மா."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"எல்லாரும் பாத்தாங்கம்மா."

மறுநாள் காலையில் காசி அண்ணன் முட்டைகளுக்கு அடியில் டார்ச் அடித்தார். முதல் முட்டைக்குள் ஒரு கறுப்பு நிழல். அசையவில்லை. அப்புறம் அது லேசாகத் திரும்பிப் படுத்தது. "அசையுதுமா" என்றார். அடுத்ததும் அசைந்தது. ஆனால் பிழைத்து வெளியே வருமா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அந்த மூன்று ராத்திரியும் மொட்டைமாடிக்குப் போய்ப் புடவை மடித்துப் பழகினேன்.

இருபத்தோராம் நாள் காலையில் குளித்து உடுப்பு மாற்றி ஹேச்சர் அறைப் பக்கம் போனேன். கதவு மூடித்தான் இருந்தது. ஆனால் நடையிலேயே கேட்டது, ஆயிரமாயிரம் கீச்சுக்குரல்கள். ஒரு சந்தைக்கடையே உள்ளே கூடியிருந்தது.

"வழக்கத்தவிட அரை நாள் முன்னாடியே வந்துட்டுதுங்க" என்றார் ஸ்டெல்லா மேடம். "நீ மறுபடியும் பொட்டோட வந்துடப் போறேன்னு பயந்துக்கினு ஓடியாந்திருக்குதுங்க."

எண்ணிக்கை எப்போதும்போலவே இருந்தது. காசி அண்ணன் ஒரு குஞ்சை என் உள்ளங்கையில் வைத்தார். ஈரம் காய்ந்து, மஞ்சளாக, என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் கத்தியது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்படி ஒரு நிம்மதி எனக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. (என் கணவர் இதைப் படிப்பார். பரவாயில்லை, அவருக்குத் தெரிந்ததுதான்.)

முதலாளியிடம் திட்டு வாங்கினேன், வேலை போகவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். ஆயுத பூஜை அன்று என் கையில் மணியை மட்டும் கொடுப்பார்கள். சந்தனக் கிண்ணத்தைக் காசி அண்ணன் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். பட்டுக்கடை ஆபத்து நீங்கிய பிறகு, ஆறு மாதம் கழித்து, வீட்டில் உண்மையைச் சொன்னேன். அதற்காக அன்றிலிருந்து வருந்துகிறேன்.

போன மாதம் என் ஐந்து வயது மகளுக்கு உடம்பு சுட்டது. மாத்திரை கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து தெர்மாமீட்டர் வைத்தோம். சூடு இறங்கியிருந்தது. கணவர் அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பொட்டு ஒண்ணும் இல்ல. நம்பலாம்."

அம்மாவும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. குனிந்து, கண்ணை மூடி, மகளின் நெற்றியில் என் இமையை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. அப்பாடா என்று இருந்தது.

அவள் என்னைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்:

"ஏம்மா, நான் இன்னா முட்டையா?"