எத்தினை அண்ணையும் ஹீப்ஸ் என்ற சொல்லும்

'ஹீப்ஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் நிம்மதி இழந்துவிடுகிற மனிதர் ஆக்லாந்து நகரம் முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவரோடு ஆறு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

ஹீப்ஸ் என்றால் குவியல் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இந்த ஊரில் அது குவியலுமில்லை, எண்ணிக்கையுமில்லை, ஒரு மனநிலை. நேரம் ஹீப்ஸ் இருக்கும். இடம் ஹீப்ஸ் இருக்கும். நன்றியைக்கூட ஹீப்ஸாகத்தான் சொல்வார்கள். அது அலுத்துப்போனால் லோட்ஸ் என்பார்கள், டன்ஸ் என்பார்கள். வாயால் லாரி லாரியாக ஏற்றி இறக்குவார்கள். எங்கே என்று போய்ப் பார்த்தால் ஓரமாக மூன்று இருக்கும்.

நான் திருச்சியிலிருந்து வந்த புதிதில், விரி என்கிற தொழிற்பேட்டைப் பகுதியில் குளியலறைச் சாமான்கள் அடுக்கிவைக்கும் ஒரு கிடங்கில் போன் எடுக்கும் வேலையில் சேர்ந்தேன். குழாய், வாஷ்பேசின், டாய்லெட் சீட் என்று கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். கூரையில் பதித்திருந்த கண்ணாடித் தகடுகள் வழியாகக் காலை வெளிச்சம் இறங்கி, உறை பிரித்த வெள்ளைப் பேசின்கள் மேல் விழும். அப்போது கிடங்கே தண்ணீருக்கடியில் கிடப்பது போலவும் நாங்கள் அதற்குள் மெதுவாக நீந்துவது போலவும் இருக்கும். அந்த வருடங்களை இப்போது நினைத்தாலும் எனக்கு அப்படி ஒரு நீல வெளிச்சத்தில்தான் தெரிகின்றன.

முதல் நாள். ஒரு மோட்டல்காரர் போனில் நாற்பது வெள்ளை சீட் கேட்டார். மேனேஜர் க்ரெய்க்கிடம் கத்திக் கேட்டேன். அவர் காபியிலிருந்து தலை நிமிராமல், "ஹீப்ஸ்!" என்றார். நானும் சந்தோஷமாக மோட்டல்காரரிடம் ஹீப்ஸ் என்று சொல்லப் போனேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"எத்தினை?"

திரும்பினால், ஒல்லியாக, காதில் பென்சில் சொருகிய ஒரு மனிதர்.

"ஹீப்ஸ்னு சொன்னாருண்ணே."

"அது எனக்கும் கேட்டது பிள்ளை. எத்தினை எண்டு கேக்கிறன்."

போனைப் பொத்திக்கொண்டேன். அவரே பதிலையும் சொன்னார்: "பதினொண்டு. அதிலை ஒண்டுக்கு மூடி வெடிச்சிருக்கு."

மன்னார்க்காரர். கிடங்கில் இருப்பு எண்ணுவதுதான் வேலை. அவருக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது, ஆனால் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. தமிழ் ஆட்களுக்கு அவர் எத்தினை அண்ணை. மற்றவர்களுக்கு ஹவ்மெனி. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதை அவருடைய குடும்பப் பெயர் என்றே நம்பி, "குட் மார்னிங் மிஸ்டர் ஹவ்மெனி" என்று பவ்யமாகச் சொல்வார்கள். அவரும் தலையசைத்து ஏற்றுக்கொள்வார்.

இந்த வியாதி எப்போது தொடங்கியது என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன். கதை இதுதான். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் க்ரெய்க் தன் வீட்டில் பார்பிக்யூ வைத்திருக்கிறார். "ஹீப்ஸ் ஆஃப் பீப்பிள் வருகிறார்கள், கறி கொண்டு வா" என்று சொல்லியிருக்கிறார். எத்தனை பேர் என்று அண்ணை கேட்டதற்கும் "ஹீப்ஸ், மேட்" என்பதே பதில். அண்ணையும் அவர் மனைவி ராணி அக்காவும் இரண்டு நாள் நின்று நூறு பேருக்கு ஆட்டிறைச்சிக் கறி சமைத்து, சர்ச்சிலிருந்து இரவல் வாங்கிய அண்டாவோடு போய் இறங்கினார்கள்.

"எத்தனை பேர்ண்ணே வந்திருந்தாங்க?"

"ஒம்பது பேர்" என்றார். "நாயோடை சேர்த்து."

ஃப்ரீசரில் வைத்த அந்தக் கறியை இரண்டு மாதம் சாப்பிட்டிருக்கிறார்கள். அதில் பிறந்ததுதான் நீல அட்டை போட்ட நோட்டு. யார் என்ன சொன்னால் எத்தனை என்று அதில் ஆள்வாரியாக எழுதிவைத்திருந்தார். க்ரெய்க்கின் ஹீப்ஸ் ஆறிலிருந்து பதினைந்து வரை. திங்கட்கிழமை காலையானால் ஐந்து குறைத்துக்கொள்ளவும். க்ரெய்க் "ஒன்றுமே இல்லை" என்று தலையில் கைவைத்தால் நூற்றிருபது. "கப்புள்" என்பது இரண்டு என்று அகராதி சொல்கிறது. க்ரெய்க்கின் கப்புள் ஆஃப் மினிட்ஸ் இருபத்திரண்டு நிமிடம். "லோட்ஸ்" என்றால் இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சிரிக்காதவர்கள் கிடையாது, டீனா லாரியைப் பின்னால் எடுத்த அந்த மழைநாள் வரைக்கும். டீனா எங்கள் லாரி டிரைவர். ஆறடி உயரம், அதற்குத் தகுந்த சிரிப்பு. க்ரெய்க் கையை ஆட்டி ஆட்டி, "வா வா, ஹீப்ஸ் ஆஃப் ரூம்!" என்று கூவிக்கொண்டிருந்தார். அண்ணை எங்கிருந்தோ ஓடிவந்து நனைந்தபடி இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றார். லாரி குலுங்கி நின்றது. டேப்பை இழுத்துப் பார்த்தால், அடுக்கியிருந்த பேசின்களுக்கும் லாரிக்கும் நடுவில் பதினான்கு சென்டிமீட்டர். டீனா இறங்கிவந்து பார்த்தாள். பேசின் உடைவதா பெரிது, அந்த அடுக்குக்குப் பின்னால் நானல்லவா லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன்! அன்றிலிருந்து டீனா வேறு யார் சொன்னாலும் லாரியைப் பின்னால் எடுக்க மாட்டாள். அண்ணை "தேர்ட்டி! ட்வென்ட்டி! டென்!" என்று கூப்பிடுவார். அவளும் கோயில் தேர்போல அசைந்து வந்து நிற்பாள்.

நம் ஆட்கள் மட்டும் யோக்கியமா என்று நான் ஒருமுறை மடக்கிப் பார்த்தேன். ஹில்ஸ்பரோவில் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்கன்னு சொல்றோமே, யாருண்ணே அந்த நாலு பேர்?"

அவர் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து ராணி அக்கா குரல் கொடுத்தார். "இஞ்சாருங்கோ, அந்தத் தண்ணிக் குழாயைத் திருத்தச் சொல்லி ஆயிரம் தரம் சொல்லிப்போட்டன்!"

"பதினேழு தரம்" என்றார் அண்ணை, சோற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாத்தீரே தங்கச்சி? குழாய்க் கிடங்கிலை வேலை. வீட்டுக் குழாய் ஒழுகுது. எண்ணத் தெரியும், திருத்தத் தெரியாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். மாடிப்படி ஏறிவந்தவர் போல வாங்கினார். அந்த வீட்டில் மாடியே கிடையாது.

இதய வால்வு. திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். ஆபரேஷனைப் பற்றிப் பேச டாக்டர் கூப்பிட்ட காலையில் அண்ணை எனக்கு போன் செய்தார். "பிள்ளை, எனக்கு இண்டைக்குக் கார் ஓட்டக் கை சரியில்லை" என்றார். கைக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். போய் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டேன். ஊரெங்கும் பனிமூட்டம். முன்னால் போகிற கார்களின் சிவப்பு விளக்குகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. சாலை தீரவே தீராமல் போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் இளம்பெண். படம் வரைந்து, பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, "கவலைப்படாதீர்கள். இதைத் தாண்டி நன்றாக இருக்கிறவர்கள் ஹீப்ஸ்" என்றார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். அண்ணையின் வாய் திறந்தது. உள்ளே அந்த ஒரு சொல் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. டாக்டருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். "எண்கள் வேண்டுமானால் இருக்கின்றன" என்று ஒரு தாளை எடுத்து அண்ணை பக்கம் நகர்த்தினார்.

அண்ணை தாளின் மேல் உள்ளங்கையை வைத்தார். படிக்கவில்லை. அப்படியே மெதுவாக டாக்டர் பக்கமே தள்ளிவிட்டார்.

"ஹீப்ஸ் இஸ் குட்" என்றார். "தேங்க் யூ, டாக்டர். ஹீப்ஸ் இஸ் வெரி குட்."

அக்காவை ரத்தம் எடுக்க உள்ளே கூட்டிப்போனதும் நாங்கள் தாழ்வாரத்து ஜன்னலோரம் நின்றோம். வெளியே பனி விலகாமல், கார் நிறுத்தத்தில் ஒரு மரம் பாதி மட்டும் தெரிந்தது.

"ஏண்ணே கேக்கல?"

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"நூறிலை தொண்ணூத்தேழு எண்டு சொல்லுவா, வையும். நான் அந்தத் தொண்ணூத்தேழைப் பாக்க மாட்டன் பிள்ளை. மிச்ச மூண்டையும்தான் எண்ணிக்கொண்டு இருப்பன். எனக்கு என்னைத் தெரியும்."

பிறகு என் தோளில் லேசாகத் தட்டி, "கன்டீனிலை தேத்தண்ணி இருக்குமோ?" என்று கேட்டார்.

ஆபரேஷன் நடந்த நாளில் அவர் கைக்கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். நேரம் கேட்கவேயில்லை. க்ரெய்க் கிடங்கைப் பூட்டிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கப்புள் ஆஃப் மினிட்ஸ் என்று வந்தவர் சாயங்காலம் வரை இருந்தார். அக்காவுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னபோது க்ரெய்க்தான் முதலில் அழுதார்.

அக்கா வீடு திரும்பி ஒரு வாரம் இருக்கும். வேலை நடுவில் பழம் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். கடலைப் பார்த்த அந்த முன்னறையில் அக்கா சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் போடாதே என்று அண்ணை உதட்டில் விரலை வைத்தார். உடனே கிளம்பிவிடும் நினைப்பில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நான் சோபா நுனியில் உட்கார்ந்தேன். கீழே மனுக்காவ் விரிகுடாவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் அதில் பட்டு, கூரையில் வந்து அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது மட்டும்தான் நினைவு.

கண் விழித்தபோது மேலே ஒரு போர்வை கிடந்தது. என் கனமான வேலை பூட்ஸ் இரண்டும் சுவரோரம் ஜோடியாக நின்றன. அண்ணை சமையலறையில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தார். விழித்திருந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அவர்தான் கழட்டினவர்" என்றார் மெல்ல. "நீர் எழும்பிடுவீரெண்டு, நிலத்திலை இருந்து, லேஸை ஒவ்வொரு ஓட்டையா இழுத்து இழுத்து."

க்ரெய்க் தேடுவார் என்று தெரியும். ஆனாலும் பூட்ஸைப் போட்டுக்கொள்ள மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.