தார்தோவின் திருப்புளி

இந்த ஜனவரியிலாவது மாமியார் இல்லாமல் கடலைப் பார்த்துவிடுவது என்று தார்தோ சபதம் எடுத்தார். பதினொரு வருஷ விடுமுறையையும் எர்மினியா அம்மாள் தின்று தீர்த்திருந்தார். ஒரே கடற்கரை ஊர், ஒரே வாடகை வீடு, வாசலில் ஒரே வலை ஊஞ்சல். ஊஞ்சலில் மாமியார், இறைச்சி சுடும் அடுப்பின் புகையில் மாப்பிள்ளை. “இவர் சுட்டா கறியும் ஒண்ணு, கரியும் ஒண்ணு” என்று ஊஞ்சலிலிருந்தே தீர்ப்பு வரும்.

ஆகவே இந்த முறை நாலு ஊர். பிரியாபோலிஸ், லா பலோமா, வலிசாஸ், புந்தா தெல் தியாப்லோ. கடலோரமாகவே போய் ஊருக்கு ரெண்டு நாள் தங்கல். கிழவி தேடி வருவதற்குள் அடுத்த ஊருக்கு ஓடிவிடலாம்.

“திடீர்னு என்னங்க இவ்வளவு ஆசை?” என்றாள் மனைவி நிபியா.

“உனக்குக் கடலோரத்தை முழுசாக் காட்டணும்னுதான்.”

“எந்த வீட்டுல தங்கறோம்?”

“அது ரகசியம். நீ ஆச்சரியப்படணும்.”

“நீங்க என்னை ஆச்சரியப்படுத்தி பதினொரு வருஷமாச்சு. சரி, பார்ப்போம்.”

அந்தக் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு எண் கிடையாது, பெயர்தான். ‘கடல்காற்று’, ‘போதும் வேலை’, ‘மூணு நண்டு’ என்று வாசலில் பலகை தொங்கும். தபால்காரருக்கும் அதுதான் விலாசம், மாமியாருக்கும் அதுதான். சட்டைப்பையில் போன் வராத காலம் அது.

பிரியாபோலிஸ் வந்ததும் தார்தோ மனைவியை ரொட்டிக்கடைக்கு அனுப்பினார். அவள் திரும்புவதற்குள் அவர்கள் வீட்டு ‘மூணு நண்டு’ பலகை திருகாணி கழன்று, திருப்புளியோடு கட்டிலுக்கடியில் படுத்துவிட்டது.

“இந்த வீட்டுக்குப் பேரே இல்லையா?”

“துருப்பிடிச்சு விழுந்திருக்கும்.”

“ஓட்டை நாலும் பளிச்சுனு இருக்கே.”

அவர் மத்தே இலைக் கஷாயக் கிண்ணத்தின் உறிஞ்சுகுழலை வாயில் வைத்துக்கொண்டார். வாய் நிறைய கஷாயம் இருக்கும்போது பதில் சொல்ல வேண்டியதில்லை.

நிபியா ரொட்டிக்கடை போனில் அம்மாவைக் கூப்பிட்டாள். தார்தோவும் பின்னாலேயே போய்க் காதைத் தீட்டிக்கொண்டார்.

“பிரியாபோலிஸ் வந்துட்டோம்மா. வீட்டுப் பேரா? தெரியலையேம்மா. பேரே இல்ல.”

தார்தோவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கக்கத்தில் சுடுதண்ணி ஃப்ளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, இந்த வீட்டு வாசலிலும் கட்டியிருந்த வலை ஊஞ்சலில் ஏறிப் படுத்தார். பதினொரு வருஷத்தில் முதல்முறையாக முதுகு அதன் சுகம் கண்டது. கண்ணும் சொக்கியது.

“மாப்பிள்ளை, கொஞ்சம் இறங்கறீங்களா?”

கண் விழித்தால் சாயங்காலம்; எதிரே பெட்டியோடு எர்மினியா அம்மாள்.

“எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க?”

“ரொட்டிக்கடையில பேரில்லாத வீடு எதுன்னு கேட்டேன். ஊருக்கே ஒண்ணுதானாம். கைகாட்டி விட்டாங்க.”

தார்தோ இறங்கினார். அம்மாள் ஏறினார்.

“எத்தனை நாள் தங்கறதா உத்தேசம் அத்தை?”

“ரெண்டே நாள்தான்.”

தார்தோவுக்கு உயிர் திரும்பி வந்தது.

“அப்புறம்தான் லா பலோமா போறோமே. நாலு ஊரையும் நானும் பார்த்ததில்ல. பதினொரு வருஷமா ஒரே ஊஞ்சல்ல கட்டிப்போட்டுட்டீங்களே. கார்ல முன்சீட்டு எனக்கு, மாப்பிள்ளை. பின்னாடி உட்கார்ந்தா எனக்குக் குமட்டும்.”

நிபியா கட்டிலுக்கடியிலிருந்து திருப்புளியை எடுத்து வந்து, துடைத்து, கணவர் கையில் கொடுத்தாள்.

“பத்திரமா வச்சுக்குங்க. லா பலோமாவுக்குச் சித்தி குடும்பத்தோட வர்றாங்க. பாவம், அவங்களுக்கும் வீடு தெரியணுமில்ல.”