தலை பொய் சொல்லாது

“உங்க கடை வரிசை என் வாசலை அடைக்குது. மருந்து வாங்க வர்றவங்க எப்படி உள்ள வருவாங்க?” என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் கத்தினார். லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கோபமே வரவில்லை, உச்சி குளிர்ந்துபோனது.

மூன்று மாதம் முன்புதான் அந்தச் சலவைக்கடையில் பாதிப் பங்கு வாங்கியிருந்தார். அதற்கு முன் இரண்டு முறை சூடுபட்டவர். மைத்துனர் பேச்சை நம்பி வாங்கிய மனையில் முழங்காலளவு தண்ணீர். வழவழப்பான விளம்பரத்தை நம்பிப் பணம் போட்ட கம்பெனிக்கு நேரில் போனால், கதவில் பூட்டு. அதிலிருந்து வாயையும் நம்புவதில்லை, காகிதத்தையும் நம்புவதில்லை. சலவைக்கடைக்கு எதிர்க் கட்டடத்தில் லிஃப்ட் பழுதுபார்த்த வாரம் முழுக்க, ஜன்னல் வழியே வரிசையில் நின்ற தலைகளை எண்ணினார். ஒரு நாளும் நாற்பதுக்குக் குறையவில்லை. பதினைந்து வருடச் சேமிப்பை அப்படியே கொண்டுபோய்ப் போட்டார்.

“எண்ணினீங்க சரி. உள்ள போய் ஒரு வார்த்தை விசாரிச்சீங்களா?” என்றாள் மனைவி.

“விசாரிச்சா வாய் பொய் சொல்லும். தலை பொய் சொல்லாது. பட்டுத் தேறினவன் சொல்றேன், கேட்டுக்கோ.”

மருந்துக்கடைக்காரருக்காகச் சலவைக்கடை வாசலில் இரண்டு பெஞ்சு போட்டார். அதுவரை கால் கடுத்துத் திரும்பிப்போனவர்களும் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார்கள். டோக்கன் முறை கொண்டுவந்தார். டோக்கன் வாங்கியவர்கள் துணைக்கு வீட்டிலிருந்தும் ஆள் கூட்டிவந்தார்கள். மனைவியின் வளையல்களை விற்று இன்னொரு பெரிய மெஷின் வாங்கினார். அடுத்த வாரமே கூட்டம் இரண்டு மடங்கு.

“லாபம்னு ஒண்ணு கண்ணுல படலையே?” என்றாள் மனைவி.

“மெஷின் விலை கழியட்டும்னு பங்குதாரர் சொல்றாரு.”

“வாயை நம்பமாட்டேன்னீங்க?”

“அது வேற வாய்,” என்று நழுவினார்.

லிஃப்ட் கம்பெனியில் அவர் பேச்சே மாறிவிட்டது. சாப்பாட்டு வேளையில் ஊழியர்கள் சூழ்ந்துகொள்ள, பணம் போடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வகுப்பெடுத்தார். மேனேஜரே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் சொல்லை நாலு பேர் குறித்துவைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெருமையோடு விடுமுறை நாளன்று, இஸ்திரி கலையாத சட்டையில், மனைவியையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். பங்குதாரர் டீ குடிக்கப் போயிருந்தார். கவுன்டருக்குப் பின்னால் போய் நின்று, நெஞ்சை நிமிர்த்தினார்.

“எல்லாருக்கும் வணக்கம். நான்தான் இந்தக் கடையோட இன்னொரு முதலாளி. உங்களை எல்லாம் பார்க்க ரொம்பப் பெருமையா இருக்கு!”

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் விடாமல் எழுந்து நின்றார்கள். தெருவில் நின்றவர்களும் உள்ளே முண்டியடித்தார்கள். ‘பார்த்தாயா மரியாதையை?’ என்பதுபோல் மனைவியைப் பார்த்தார்.

முதல் டோக்கன் வைத்திருந்த பள்ளிக்கூட டீச்சர் கவுன்டர் கதவை மெல்லச் சாத்தித் தாழ்போட்டார்.

“நல்லவேளை, ஒரு முதலாளியாவது கையில கிடைச்சீங்க. இங்க யாரும் துணி போட வரலை சார். போட்ட துணியைத் திரும்பக் கேட்டு மாசக்கணக்கா நிக்கிறோம்!”