அதிபராவதற்குள் நின்றுபோன படம்

மைக்கைக் கையில் வாங்கினால் விடமாட்டேன் என்பதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. விவரமாகப் பேசுகிறவன் என்றுதான் என்னைப் பற்றி எனக்கு அபிப்பிராயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஃபேரர் பார்க்கில் ஒரு வாடகை அரங்கில், அந்த அபிப்பிராயத்துக்கு முடிவு வந்தது.

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவிதா பாசிர் ரிஸ் பக்கத்துப் பெண், உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. தெரிந்தவர்கள் மூலம் நம்பர் வந்து, தேக்கா உணவுச் சந்தையில் இரண்டு முறை சந்தித்துத் தோசை சாப்பிட்டிருந்தோம். நாங்கள் இருவரும் சரி என்றால்தான் அவளுடைய அப்பா அம்மா காதுக்கு விஷயம் போகும் என்று ஏற்பாடு. எனக்கு முதல் தோசையிலேயே சரி. அவள்தான் "யோசிச்சு சொல்றேன்" என்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

யோசனையைக் கொஞ்சம் முடுக்கிவிடலாம் என்று, எங்கள் திரை ரசிகர் வட்டத்தின் கூட்டத்துக்கு அழைத்தேன். (நான் அதன் செயலாளர். உறுப்பினர்கள் அனைவரையும் ஒரு வேனில் ஏற்றிவிடலாம், அது வேறு விஷயம்.) வரலாற்று ஆசிரியை ஆயிற்றே என்று அந்த மாதம் ஓர் அமெரிக்க அதிபரின் வாழ்க்கைப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் உருகி உருகி இணையத்தில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததோடு சரி, படத்தை நான் பார்க்கவில்லை.

படம் மிக நீளம். அது முடிந்ததும் 'பார்வையாளர் கருத்து' என்று ஒரு பகுதி. கருத்துச் சொல்லப்போகிறவர்களின் பெயர்களை அழைப்பிதழில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று. மாலையில் அதே அரங்கை வேறு யாரோ குழந்தைக்குப் பிறந்தநாள் கொண்டாட வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

கவிதா நீலச் சுடிதாரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். தலைவர் அண்ணாமலை ஐயா தலைமையுரை ஆற்றினார். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. போர்த்தியவர்களுக்கும் போர்த்தப்பட்டன. பிறகு வரவேற்புரைக்கு நான் எழுந்தேன்.

சுருக்கமாக வரவேற்றுவிட்டு உட்காரத்தான் எழுந்தேன், சத்தியமாக. ஆனால் அதிபரைப் புரிந்துகொள்ள அமெரிக்காவைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. அமெரிக்கா என்றால் கொலம்பஸ். அவரைக் கரையிறக்கவே வெகுநேரம் பிடித்தது. கவிதா கைப்பேசியில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள். வரலாற்று டீச்சர் குறிப்பெடுக்கிறாள் என்று நினைத்து, உள்நாட்டுப் போரைச் சற்று விரித்துச் சொன்னேன். (எத்தனை மணிக்கு முடியும் என்று அவள் தோழி கேட்டதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள் என்பது பின்னால் தெரிந்தது.)

ஒருவழியாகப் படம் ஆரம்பித்தது. மழையில்லாத ஊர், ஏழைக் குடும்பம். அதிபர் சின்னப் பையனாக ஒரு மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அப்பா அதை விற்கச் சொல்கிறார், பையன் மறுக்கிறான். அந்த இடத்தில் படம் நின்று விளக்குகள் எரிந்தன. கதவருகே ஒரு கூட்டம் பலூன்களோடு காத்திருந்தது.

"ஐயா, படம் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு" என்றேன்.

"கருத்துரைக்கு நேரமாயிடுச்சு தம்பி. அழைப்பிதழ்ல பேரு போட்டாச்சு" என்றார் அண்ணாமலை ஐயா. "படத்த எல்லாரும் வீட்ல பாத்துக்கலாம். பேச்ச வீட்ல கேக்க முடியுமா?"

பேசுகிறவர்கள் வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். எழுதியதை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. முதலில் பேசியவர், இறுதிக் காட்சியில் தம் கண்கள் பனித்ததாகச் சொன்னார். அடுத்தவர், அதிபர் நாட்டின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்திய காட்சிகளைப் பாராட்டினார். மூன்றாவதாக வந்த அம்மா, முதுமைக் காலத்து நடிப்புக்கே ஒரு விருது கொடுக்கலாம் என்றார். அவர்களுக்குப் பின்னால் திரையில் பையன் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தான். நான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, அவர்கள் சொன்னதை இன்னொரு முறை விளக்கினேன்.

"புதுசா வந்திருக்கிற பொண்ணும் ரெண்டு வார்த்த சொல்லட்டும்" என்றார் அண்ணாமலை ஐயா.

கவிதா மைக்கை வாங்கினாள். "வணக்கம். நான் ஹிஸ்டரி டீச்சர். இவர் பிரசிடெண்ட் ஆனார்னு எனக்குத் தெரியும். ஆனா இங்க பாத்தத வச்சு அதுக்கு எவிடென்ஸ் இல்ல. மாடு நல்லா நடிச்சிருக்கு. வெல்கம் ஸ்பீச் கொஞ்சம் சின்னதா இருந்திருந்தா, பையனுக்கு மீசையாவது மொளைச்சிருக்கும். நன்றி."

சபை சிரிப்பில் அதிர்ந்தது. பலூன்காரர்கள் கைதட்டினார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டன. நன்றியுரையும் என்னுடையதுதான், ஆனால் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கதை முடிந்தது, இனி எனக்குத் தோசை கிடையாது என்று நிச்சயமாகத் தெரிந்தது. துக்கமாக இருந்தது. அவளை எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது.

ரயில் நிலையம் வரை அவளோடு நடந்தேன். படியிறங்கும்போது அவள் கேட்டாள்: "அந்த மாட்ட வித்தாங்களா, இல்லையா?"

"தெரியாது. நான் படம் பாக்கல."

"பாக்காமலா அவ்ளோ நேரம் பேசினீங்க?"

"ஆமா."

அவள் நின்றுவிட்டாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னிக்குப் பூரா நீங்க பேசினதுல இது ஒண்ணுதான் ஷார்ட் லா" என்றாள். ரயில் வந்தது. ஏறுவதற்கு முன் சொன்னாள்: "அடுத்த சண்டே எங்க வீட்டுக்கு வாங்க. முழுப் படமும் பாக்கலாம். அப்பா அம்மா இருப்பாங்க. ஒரே கண்டிஷன், படம் முடியற வரைக்கும் நீங்க வாயே தெறக்கக் கூடாது."

'அப்பா அம்மா இருப்பாங்க' என்றால் என்ன அர்த்தம் என்பது அவள் போய், அடுத்த ரயிலும் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பாசிர் ரிஸ் வீட்டில் நான் பேசவில்லை. தேநீர் வேண்டுமா என்றபோது தலையாட்டினேன். முறுக்கைக்கூடச் சத்தம் வராமல் ஊறவைத்துத் தின்றேன். படம் முடிந்ததும் அவளுடைய அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எப்படி தம்பி, படம்?"

எனக்குள் ஒரு முழு உரை தயாராக இருந்தது. கவிதா என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சு அங்கிள்" என்றேன்.

அவர் உள்ளே போய் மனைவியிடம் சொன்னது கூடம் வரை கேட்டது: "ரொம்ப அடக்கமான பையன். நமக்கு இப்படித்தான் வேணும்."

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்களிடம் என் மாமனார் இன்றும் சொல்வார்: "எங்க மாப்பிள்ள அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு." கவிதா சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். மச்சினன் சோபா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். சொந்தக்காரர்கள் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.