நடக்கத் தெரியாத கார்

டீத் தம்ளரை வைக்க ஜெய்னப் இடம் தேடினாள். மேஜை மேல், இஞ்சினுக்குப் பெட்ரோல் கலந்து கொடுக்கும் கார்பரேட்டர் உட்கார்ந்திருந்தது.

"இது காருக்குள்ள இல்ல இருக்கணும்?"

"இனிமே அதுக்கு அங்க வேலை இல்ல," என்றார் அபுல் ஹசன்.

கடலூர் பழைய டவுனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அவர். கை ரேடியோவில் இருக்கும், மனசு எங்கேயோ இருக்கும். இந்த 1968-ல் அது ஜெர்மனி வரைக்கும் போய்விட்டது. சிங்கப்பூர் உறவுக்காரர் சோப்புக் கட்டி சுற்றிக் கொண்டுவந்த பத்திரிகைத் தாளில் ஒரு படம்: கார்பரேட்டரே இல்லாத கார். ஒரு சின்ன மின்சாரப் பெட்டி யோசித்து யோசித்து, இஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோலை மட்டும் பீச்சிக் கொடுக்குமாம். குலுக்கல் கிடையாது, சத்தம் கிடையாது.

அவருடைய பழைய இங்கிலீஷ் காரில் குலுக்கலையும் சத்தத்தையும் கழித்தால் மிச்சம் ஒன்றும் தேறாது. போன வருஷம் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில் அது குலுக்கிய குலுக்கலில் தலைப்பாகை தெருவில் விழுந்து உருண்டது. இப்போது சிதம்பரத்தில் ஜெய்னப்பின் தம்பி சேக் பரீதுக்குக் கல்யாணம். மூத்த அண்ணன் குலாம் முகம்மது சபையில் வைத்தே சொல்லிவிட்டார்: "தம்பிக்கு வாடகைக் கார் பேசிக்கலாம். அந்தத் தகர டப்பா வேணாம்."

புருஷனையே டப்பா என்றதுபோல் ஜெய்னப்புக்குச் சுருக்கென்றது. "என் வீட்டுக்காரர் கார்லதான் என் தம்பி போவான்!" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொல்வது சுலபம். காப்பாற்ற வேண்டியவர் அபுல் ஹசன் ஆயிற்றே.

லாரிப் பட்டறையிலிருந்து பீச்சுங்குழாய் வந்தது. பழைய ரேடியோக்களிலிருந்து டிரான்சிஸ்டர்கள் வந்தன. எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் குடியேறின. டின் மேல் ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் பெட்டி யோசிக்கிறது என்று அர்த்தம்.

முதல் நாள் பெட்டி அளவுக்கு மீறி யோசித்தது. கிளம்பிய புகையில் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டிகளெல்லாம் கறுத்தன. பெட்ரோலைக் குறைத்தார், கார் நகரவில்லை. ஒரு கம்பியை மாற்றினார், கார் பறந்தது. அதற்கு ஓடத் தெரிந்தது, நிற்கத் தெரிந்தது. நடக்க மட்டும் தெரியவில்லை. ஊர்வலத்துக்கு வேண்டியதோ நடைதான்.

சிதம்பரம் போகிற வழியில் ஒரு பஸ்ஸை முந்தினார்கள். கொஞ்ச தூரத்தில் கார் நின்றது, பஸ் முந்தியது. மறுபடி முந்தினார்கள், மறுபடி நின்றார்கள். கண்டக்டர் தலையை நீட்டி, "பாய், எங்களோடயே வந்துடுங்களேன்!" என்றார்.

கடைசியாக வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் கார் நின்றபோது அபுல் ஹசன் இறங்கவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று சில்லென்று வந்தது.

"ஒருநாள் எல்லாக் காரும் சத்தமில்லாமப் போகும் ஜெய்னப். உள்ள உக்காந்தா ஆத்துத் தண்ணி சத்தம் கேக்கும்."

அந்தக் கண்களைப் பார்த்தால் அவளுக்குக் கோபமே வராது. அவளுடைய கஷ்டம் அதுதான்.

கல்யாணத்தன்று காலையில் சிதம்பரத்தில் பூக்காரர் சுப்புராயன் காரை மல்லிகையால் மூடினார். ஓட்டுகிறவர் பார்க்க முன்கண்ணாடியில் ஒரு சாண் ஓட்டை, மற்றதெல்லாம் பூ. அபுல் ஹசன் பானெட்டுக்குள் தலையை விட்டு, காருக்கு நடை பழக்க இன்னொரு கம்பியை மாற்றினார்.

டமார்!

பானெட்டுக்குள்ளிருந்து தீ நாக்கு நீட்டியது. நாலு சரம் மல்லிகை கருகியது.

"ஐயையோ பாய்! உள்ள மாப்பிள்ளை இருந்தா என்னாவறது?" என்று கத்தினார் சுப்புராயன்.

சத்தம் கேட்டு ஜெய்னப் ஓடிவந்தாள். கருகிய பூவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரே ஒரு கம்பிதான்..." என்றார் அவர். மீசை நுனி பொசுங்கியிருந்தது.

"மாத்துங்க. மாத்திட்டுப் போயி குளிச்சு, புதுச் சட்டை போடுங்க. சுப்புராயன் பூவைச் சரி பண்ணட்டும்."

சாயங்கால அஸர் தொழுகை முடிந்தது. தலைப்பாகை கட்டி, மாலையும் கழுத்துமாகச் சேக் பரீது பின் சீட்டில் ஏறினான். தோழர்கள் வழக்கம்போல் காரில் கை வைத்தபடி பின்னால் நெருக்கியடித்தார்கள். அபுல் ஹசன் சுவிட்சைப் போட்டார். சிவப்பு பல்பு எரிந்தது. இஞ்சினைச் சுற்றிவிட ஹாண்டிலோடு சுப்புராயன் முன்னால் போனார். பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது.

பூவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ரைட், பாய்!"

"பிஸ்மில்லாஹ்," என்றார் அபுல் ஹசன். கார் நகர்ந்தது.

நடந்தது! எங்கே ஓடிவிடுமோ என்ற பயத்தில் கிளட்சை மிதித்த காலை அவர் எடுக்கவே இல்லை. மல்லிகை வாசம் மூக்கை நிறைத்தது. ஒரு சாண் ஓட்டையில் சிதம்பரம் தெரு மெல்ல மெல்ல வந்து கரைந்தது. மாப்பிள்ளைக்கு நீட்டிய சர்பத் ஒரு துளி சிந்தவில்லை. அவருக்கு வெள்ளாறு நினைவு வந்தது. ஆற்றின் மேலேயே போகிறமாதிரி இருந்தது.

குலாம் முகம்மது ஜன்னலோரம் நடந்துவந்தார். "என்ன மாப்ளே, இஞ்சின் ஓடுதா இல்லையான்னே தெரியலையே!"

"தெரியாது மச்சான். அதான் ஜெர்மன் வேலை."

பெண் வீட்டு வாசலில் கார் பூப்போல நின்றது. தலைப்பாகை வைத்த இடத்தில் இருந்தது. அபுல் ஹசன் இறங்கியதும் குலாம் முகம்மது அவரைக் கட்டிக்கொண்டார்.

"நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க மாப்ளே. என் மக கல்யாணத்துக்கும் இந்தக் காருதான்!"

பெண்கள் கூட்டத்திலிருந்து ஜெய்னப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அபுல் ஹசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கல்யாணம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும் மச்சான்? நாளைக்கே உங்களை இதுல கடலூருக்குக் கூட்டிட்டுப் போறேன்!"

அப்போது காருக்குப் பின்னாலிருந்து சுப்புராயன் வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவர் அபுல் ஹசனின் காதருகே குனிந்தார்.

"பாய், டாங்குல இருந்த பெட்ரோலை நீங்க குளிக்கப் போனப்பவே உங்க வீட்டம்மா ஒரு சொட்டு விடாம வடிக்கச் சொல்லிட்டாங்க. கடலூர் வரைக்கும்னா எங்க ஆறு பேரால தள்ள முடியாது."