துப்பாக்கிப் பெட்டி பரிசோதனையில் இருக்கிறது

தேவையான பொருளைக் கடைக்குப் போய் வாங்கி வருகிறவர்கள் ஒரு ரகம். அது இல்லாமலே காலம் தள்ளிவிடுகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது பிராணி ஒன்று உண்டு. இருப்பதிலேயே சிறந்ததைத்தான் வாங்குவேன் என்று சபதம் செய்துவிட்டு, அந்தச் சிறந்தது எது என்று நோட்டம் பார்த்து, உரசிப் பார்த்து, தட்டிப் பார்த்து, ஊரையெல்லாம் விசாரித்து, கடைசியில் எதற்காக வாங்கக் கிளம்பினோம் என்பதையே மறந்து நிற்கும் பிராணி. இதற்கு ஒப்பீட்டாளர் என்று பெயர் வைப்போம். மற்றபடி சாது. கடிக்காது.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து ஹார்லோ க்ரீக்கில் இருக்கும் வெர்லின் ஸ்டாடர்ட் இந்த இனத்தில் அப்பழுக்கற்றவர். குடிநீர் நிலையத்து அளவுமானிகள் பொய் சொல்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. வீட்டிலும் அதே வேலைதான். ரொட்டி சுடும் கருவியைக்கூட அவர் நம்பியதில்லை.

கோடையில், ஊர்த் தீயணைப்புப் படையில் ரொம்ப காலம் இருந்த அவருடைய அப்பா ஹோபர்ட் இறந்துபோனார். வெர்லினுக்கு வந்து சேர்ந்தவை: வீடு, உறைபெட்டி நிறைய மான்கறி, ஒரு ரிவால்வர். அந்த ரிவால்வரை ஹோபர்ட் பழைய சட்டைத் துணியில் சுற்றி, ஓட்ஸ் டப்பாவுக்குள் போட்டு, குளிர்பெட்டியின் தலைமேல் வைத்திருந்தார். குண்டுகளோடு. வருஷக் கணக்காக ஒரு விபத்தும் நடக்கவில்லை. காரணம், அந்த வீட்டில் யாருக்கும் ஓட்ஸ் பிடிக்காது.

இலையுதிர் காலம் தொடங்கியதும் அக்கா மார்லிஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"டேய், அந்த ஓட்ஸ் டப்பா இன்னும் அங்கயேதான் இருக்கா?"

"இருக்குக்கா."

"ஒரு பூட்டுப் பெட்டி வாங்கி உள்ள வை. நவம்பர் கடைசில வான்கோழி விருந்துக்கு ஓடெட்டைக் கூட்டிட்டு வர்றேன். நாலு வயசாயிடுச்சு, எதைக் கண்டாலும் திறக்கறா. அது பூட்டலைன்னா நான் வாசப்படி ஏற மாட்டேன். அப்பா இல்லாத முத விருந்துன்னுகூடப் பாக்க மாட்டேன்."

மார்லிஸ் சொன்னால் சொன்னதுதான். அக்காவையும் அவள் மகளையும் விட்டால் வெர்லினுக்கு வேறு மனிதர்கள் கிடையாது. ஆகவே உடனே பெட்டி வாங்க வேண்டும். உடனே என்றால், சிறந்ததை.

முதலில் விரல்ரேகைப் பெட்டி வந்தது. உலர்ந்த விரலுக்குத் திறந்தது, ஈர விரலுக்கு யோசித்துத் திறந்தது, வெண்ணெய் தடவிய விரலுக்குத் திறக்கவே இல்லை. வெண்ணெய்க் கையோடு யார் துப்பாக்கி எடுக்கப் போகிறார்கள் என்று கேட்கிறீர்களா? ஒப்பீட்டாளரிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. தள்ளுபடி. அடுத்தது அட்டையைக் காட்டினால் திறக்கும் பெட்டி. பேட்டரி எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்க்க அவர் அதன் குடலை உருவி மேசைமேல் பரப்பினார். அதற்கடுத்தது மின்சாரமே தேவையில்லாமல், பொத்தானில் எண்ணை அமுக்கித் திறக்கும் பெட்டி. ஒரு குறையும் இல்லை, ஆனால் திறக்க ஒரு கணம் கூடுதலாக ஆனது. தள்ளுபடி. இன்னொன்று இலேசு, திருடன் பெட்டியோடு தூக்கிப் போய்விடுவான். இன்னொன்று கனம், வைத்த அலமாரித் தட்டே வளைந்தது. தள்ளியதைத் திருப்பி அனுப்பினாரா என்றால், இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? மாற்றுச் சாவிகளை வெளியே வைப்பது ஆபத்து என்று ஒரு பெட்டியின் சாவியை அடுத்த பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கடைசிப் பெட்டியின் சாவியை முதல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அன்று அவருக்கு இருந்த திருப்தியைச் சொல்லி முடியாது.

சாப்பாட்டு மேசையில் வான்கோழிக்கு இடமில்லை. ஓட்ஸ் டப்பா குளிர்பெட்டிமேல் இருந்தது. தற்காலிகமாக.

சனிக்கிழமை காலைகளில் பெட்ரோல் நிலையத்துச் சிற்றுண்டி மேசையில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, பன்னும் குழம்புமாக வெர்லினுக்கு ஆலோசனை வழங்குவார்கள். எதிர்வீட்டு எல்ராய் பிங்கம் தலைமை.

"தம்பி, ராத்திரில மூணு பேர் வந்தா என்ன பண்ணுவே?"

"எந்த மூணு பேர்?"

"யாரோ மூணு பேர். பேரா கேட்டுட்டு இருப்பே? என் பெட்டி மாதிரி வாங்கு. கண்ண மூடிட்டுத் திறக்கலாம்."

அந்த ஊரில் கடைசியாக அத்துமீறி நுழைந்தது மரநாய் மாதிரி இருக்கும் ஒரு ரக்கூன். அது பூசணிப் பணியாரத்தைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. எல்ராயின் பெட்டி பற்றிச் சொன்னது என்னவோ உண்மை. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து, பூட்டின் எண்ணை வாய்விட்டுச் சொல்லியபடியே அதைத் திறந்து காட்டுவது அவர் வழக்கம். அதைத் திறக்கத் தெரியாத ஆள் ஹார்லோ க்ரீக்கில் கிடையாது. பாதிரியார் முதல் முயற்சியிலேயே திறந்து கைதட்டல் வாங்கினார்.

ஒன்று கவனித்தீர்களா? எந்தப் பெட்டியைச் சோதித்தாலும் வெர்லின் உள்ளே வைத்துப் பார்த்தது ஒரு குழாய் முடுக்கும் ஸ்பானரை. ரிவால்வரின் அதே எடை, அதே நீளம் என்று விளக்கம் வேறு. டப்பாவை அவர் கீழே இறக்கவே இல்லை.

விருந்துக்கு ஒரு நாள் முன்னதாகவே மார்லிஸ் வந்து நின்றாள். காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினாள். பின்னால் ஓடெட் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பூட்டியாச்சா?"

"ரெண்டுல ஒண்ணுன்னு முடிவு பண்ணிட்டேன்க்கா. இதுல பாத்தீன்னா, கதவோட கீல்..."

"ஆமாவா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப நான் கிளம்பறேன்."

"அக்கா, இரு! இரு! இதோ!"

உள்ளே ஓடினார். வீடு நிறையப் பெட்டிகள். ஒன்று குடல் சரிந்து கிடந்தது. மற்றவை சோதனையில் பேட்டரி தீர்ந்துபோய், ஒன்றின் சாவியை ஒன்று விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தன. திறந்து கிடந்தது, அவமானப்பட்டு மூலையில் ஒதுக்கப்பட்ட பொத்தான் பெட்டி ஒன்றுதான்.

டப்பாவை இறக்கினார். துணியைப் பிரித்தார். அப்பாவின் கட்டம் போட்ட சட்டை. துப்பாக்கி எண்ணெயும் புதினா மிட்டாயும் கலந்த வாசனை. வெர்லின் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே ஹாரன் அடித்தது.

எழுந்து குண்டுகளை வெளியே எடுத்தார். ரிவால்வரைப் பெட்டியில் வைத்தார். துணியை வைக்கவில்லை, தோளில் போட்டுக்கொண்டார். உடை அலமாரியின் தரையோடு பெட்டியைத் திருகி இறுக்கி, எண்ணை அமைத்துப் பூட்டினார். குண்டுகள் கார் நிறுத்தும் கொட்டகையில், கருவிப் பெட்டிக்குள் தனிப் பூட்டில் போயின. இரண்டு மாதத்து வேலை அரை மணியில் முடிந்தது.

"பூட்டியாச்சு!" என்று வாசலில் வந்து கத்தினார்.

"நம்பர் என்ன வச்சே?"

வெர்லின் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கார் ஜன்னலில் குனிந்து காதோடு காதாகச் சொன்னார்.

"என்னது, அப்பா பொறந்த நாளா?" என்றாள் மார்லிஸ். அவளுக்குக் குரல் தணிந்து வராது.

"மார்ச் பதினொண்ணு!" என்றார் எல்ராய், எதிர்வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து. "மறக்க முடியுமா? தீயணைப்பு நிலையத்து வாசப் பலகைல வருஷா வருஷம் பெருசா எழுதிப் போட்டு, அன்னிக்கு ஓசிக் காப்பியும் குடுப்பாங்களே!"

"கேட்டுக்கிட்டியா?" என்றாள் மார்லிஸ். "இத்தனை பெட்டிய அக்கக்காப் பிரிச்சுப் பாத்தே. இது தோணலியா உனக்கு? போய் மாத்து."

வெர்லின் அசையவில்லை. அவர் தோளில் கிடந்த அப்பாவின் சட்டைத் துணியை மார்லிஸ் பார்த்தாள். குரல், அதிசயமாக, தணிந்தது.

"மாத்துடா. அப்பா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

அவர் உள்ளே போய் மாற்றிவிட்டு வந்தார். இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மார்லிஸ் காரை விட்டு இறங்கினாள்.

கண் விழித்த ஓடெட் வேலையைத் தொடங்கினாள். இழுப்பறைகளைத் திறந்தாள். அடுப்பைத் திறந்தாள். தாத்தாவின் மீன் தூண்டில் பையைத் திறந்து அம்மாவிடம் வசவு வாங்கினாள். குடல் சரிந்த பெட்டியில் பொம்மையைப் படுக்கவைத்தாள். உடை அலமாரியைத் திறந்து உள்ளே நுழைந்தாள். வெர்லின் அறை வாசலில் வந்து நின்றார். அவள் பிடியை இழுத்தாள். பொத்தான்களை எல்லாம் அமுக்கினாள். காலால் உதைத்தாள்.

"மாமா, இது கெட்டுப்போச்சு."

"ஆமாடா கண்ணு," என்றார் வெர்லின். "அது கெட்டுப்போனதுதான்."

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? நல்லது. அப்படியே எழுந்து உங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத அந்தப் பக்கத்துக்குக் கம்பி போட வேண்டும், எந்த டிசைன் என்றுதான் இன்னும் முடிவாகவில்லை, அப்படித்தானே? அதுவரைக்கும் அங்கே என்ன கட்டி வைத்திருக்கிறீர்கள்? துணி காயப்போடும் கயிறா?